சாயங்காலம் கழட்டுற நகை

தம்பி, அந்தச் சீட்டுல உக்காராதீங்க, ஒழுகும். இங்கிட்டு வந்துருங்க. மழை இப்பத் தூறலாத்தான இருக்குன்னு பாக்காதீங்க, வலுத்துச்சுன்னா நேரா உங்க பிடரியிலதான் ஊத்தும். எப்பிடித் தெரியும்ங்கிறீங்களா? இந்த வண்டி எங்க டிப்போ வண்டி. இது புதுசா வந்து எறங்குன அன்னைக்கிருந்து எனக்குத் தெரியும். கூரையில ஓட்டை விழுந்த எடத்துல தாரக் காய்ச்சி அப்பி விட்டதே நான்தான். எனக்குப் பெறகு வந்த பயலுக அதச் சொரண்டிப் பாத்திருப்பாய்ங்க. கை சும்மா இருக்காதுல்ல அவய்ங்களுக்கு.

அந்தா, கிளச்ச விட்டான் பாத்தீங்களா? எப்பிடிக் குலுக்குச்சு! இவனெல்லாம் டிரைவரு. மாட்டு வண்டியக் குடுத்தா மாடு திரும்பி முட்டிரும். கண்டக்டரப் பாருங்க, கம்பியில சாஞ்சு நின்னுக்கிட்டு போன நோண்டுறான். எங்க காலத்துல... சரி, அத விடுங்க. எங்க காலத்துலயும் இப்பிடித்தான் இருந்தாய்ங்க, போன்தான் இல்ல.

நான் டிப்போல ஹெட் மெக்கானிக்கா இருந்து ரிட்டையர் ஆனவன். தவசியாண்டின்னு கேட்டா டிப்போ வாசல்ல டீ ஆத்துறவன் கூடச் சொல்லுவான். டிப்போன்னா வெளியாளுங்களுக்கு என்ன தெரியும்? ராத்திரி வண்டிய உள்ள விடுவாய்ங்க, காலையில வெளிய எடுப்பாய்ங்க, அம்புட்டுதான்னு நெனப்பீங்க. உள்ள வந்து பாத்திருக்கணும். டிரைவர் வருவான், "பிரேக் பிடிக்கலண்ணே"ம்பான். பிரேக் நல்லாத்தான் பிடிக்கும், இவன் அமுக்குனாத்தான? இன்ஜினியர்னு ஒருத்தன் வருவான், படிச்சுட்டு நேரா வந்திருப்பான், வண்டிக்கு அடியில குழியில எறங்குன்னு சொன்னா பேண்ட்டு அழுக்காயிரும்னு யோசிப்பான். ஸ்டோர்ல போயி ஒரு போல்ட்டு கேட்டா, "எழுதிப் போட்டிருக்குண்ணே, வரும்"பான். வரும், வரும். நான் வேலைக்குச் சேந்த புதுசுல எழுதிப் போட்டது இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. இந்த மாதிரி உருப்படாத கூட்டத்த வச்சுக்கிட்டு ஊருக்கே வண்டி ஓட்டிக் காட்டுனவன் தம்பி நான்.

உங்களப் பாத்தாப் படிச்ச ஆளாத் தெரியுது. ஒரு நியாயம் கேக்குறேன், சொல்லுங்க. என் மருமகனுக்கு வேலை போச்சு. அவனும் எங்க டிப்போலதான் டிரைவரு. என்னாலதான் போச்சுன்னு என் மக சொல்றா. பெத்த மக! அன்னையிலருந்து எங்கூடப் பேச்சு கெடையாது. என் வீட்டுக்காரியும் அவ பக்கம் போயி உக்காந்துக்கிட்டா. நான் என்ன தப்புப் பண்ணேன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் எனக்கு வெளங்கச் சொல்லல. முழுசாக் கேளுங்க, கேட்டுட்டுச் சொல்லுங்க.

எஃப்.சி.ன்னா தெரியும்ல? வண்டி ரோட்ல ஓட லாயக்கா இருக்கான்னு வருசா வருசம் பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்துச் சீல் குத்தணும். சீல் இல்லாட்டி வண்டி வெளிய போகக்கூடாது. இப்ப எங்க டிப்போல இருக்குற வண்டி எல்லாத்துக்கும் நல்ல டயரு, வைப்பரு, ஹாரனு, லைட்டு, கண்ணாடி எல்லாம் போடணும்னா யாரு குடுப்பா? மேல கேட்டா "இருக்குறத வச்சு ஓட்டுங்க"ம்பாய்ங்க. இருக்குறதுன்னா என்ன? ஒரே ஒரு செட்டு. ஒரு வண்டிக்குத் தேவையான எல்லாமே நல்லதா, புதுசா, ஒரே ஒரு செட்டு. அதப் பச்சைப் பெயிண்ட் அடிச்ச ஒரு தகரப் பெட்டியில வச்சிருப்போம். நகைப்பெட்டின்னு பேரு.

சிரிக்காதீங்க, கேளுங்க. எந்த வண்டிக்கு எஃப்.சி.யோ அதக் கல்யாணப் பொண்ணுன்னு சொல்லுவோம். "இன்னைக்கு எந்தப் பொண்ணுண்ணே?"ன்னுதான் காலையில பயலுக கேப்பாய்ங்க. பெட்டியத் தெறந்து பொண்ணுக்கு எல்லாத்தையும் பூட்டுவோம். வைப்பரு, ஹாரனு, தீயணைக்கிற சிலிண்டரு, முதலுதவிப் பெட்டி, சக்கரத்துக்கு நல்ல டயரு. தண்ணி அடிச்சுக் கழுவி, டயருக்குக் கருப்படிச்சு, நெத்தியில சந்தனம் வச்சு அனுப்புனா, பிரேக் இன்ஸ்பெக்டர் சுத்தி வந்து பாப்பாரு, சீல் குத்துவாரு. வண்டி திரும்ப உள்ள வரும். சாயங்காலமே நகையக் கழட்டிருவோம். கழட்டுனாத்தான மறுநாள் அடுத்த பொண்ணுக்குப் போட முடியும்? பழைய டயரு, பழைய சாமானத்த அதுக்குத் திருப்பிப் பூட்டிருவோம். ஒருதடவை பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருத்தரு டயரத் தட்டிப் பாத்துட்டு, "என்ன தவசி, இத முந்தாநாளும் பாத்தாப்புல இருக்கே"ன்னாரு. "ரெண்டும் ஒரே கம்பெனி சார்"னேன். அவரும் சிரிச்சுட்டாரு. நல்ல மனுசன்.

இத நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல. எனக்கு முன்னாடியே இருந்ததுதான். ஆனா அப்ப அதுல ஒரு ஒழுங்கு கெடையாது. இவன் கழட்ட மறந்துருவான், அவன் வைப்பர வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி டி.வி.எஸ். வண்டிக்கு மாட்டப் பாப்பான். நான் வந்த பெறகுதான் பெட்டிக்குப் பூட்டு, சாவி எங்கிட்ட. நான் ஹெட் மெக்கானிக்கா இருந்த காலத்துல எங்க டிப்போ வண்டி ஒண்ணு கூட எஃப்.சி.யில பெயிலானதில்ல. ஒண்ணு கூட! வேற எந்த டிப்போக்காரனாவது இப்பிடிச் சொல்லச் சொல்லுங்க பாப்போம்.

இப்ப மருமகன் கதைக்கு வாரேன். பேரு பூமிநாதன். ஆளு வாட்டசாட்டமா இருப்பான், வாயத் தெறந்தா ஒண்ணும் இருக்காது. டிரைவருன்னா ஒரு மிடுக்கு வேணாமா? இவன் வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி சுத்திச் சுத்தி வருவான். குனிஞ்சு டயரப் பாப்பான். பிரேக்க மிதிச்சு மிதிச்சுப் பாப்பான். ஸ்டாப்புல ஒரு கெழவி ஏறி உக்கார்ற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டான். மத்தவய்ங்க ஒரு நடை போயிட்டு வந்து டீ குடிச்சுட்டு நிப்பாய்ங்க, இவன் அப்பத்தான் உள்ள வந்துக்கிட்டு இருப்பான். என் மக சுகந்திக்கு இவனப் பாத்துக் கட்டி வச்சதே நான்தான், யாரக் குத்தம் சொல்றது? வேலைக்குச் சேந்து, நிரந்தரம் ஆகப் போற சமயம். அதுக்குள்ள ஒரு கரும்புள்ளி விழாமப் பாத்துக்கணும். அதுல நான் கவனமா இருந்தேன்.

எப்பிடிக் கவனம்னு கேளுங்க. ஹெட் மெக்கானிக் மருமகன்னா டிப்போல என்ன பேசுவாய்ங்க? மாமனாரு நல்ல வண்டியாப் பொறுக்கிக் குடுக்குறாருன்னு பேசுவாய்ங்க. அந்தப் பேச்சுக்கு நான் எடமே குடுக்கல. இருக்குறதுலயே ஓட்டை வண்டி எதுவோ அதத்தான் அவனுக்கு விடச் சொல்லுவேன். ஒரு பய நாக்க அசைக்க முடியல. நேர்மைன்னா அப்பிடித்தான் இருக்கணும். என் வீட்டுக்காரி கூட ஒருநா கேட்டா, "ஊரான் புள்ளைக்கெல்லாம் நல்ல வண்டி குடுக்குறீங்க, நம்ம வீட்டுப் புள்ளைக்கு ஒண்ணு குடுத்தா என்ன?"ன்னு. பொம்பளைக்கு என்ன தெரியும் நிர்வாகம்?

அது அய்ப்பசி மாசம். வரிசையா எஃப்.சி. வந்துக்கிட்டு இருந்துச்சு. பூமிநாதன் ஓட்டுற வண்டிக்கும் ஒருநா எஃப்.சி. நகையப் போட்டு அனுப்புனோம், பாஸாகி வந்துச்சு. சாயங்காலம் நானே நின்னு கழட்டுனேன். வைப்பரக் கழட்டுனேன், திருப்பிப் பூட்ட அந்த வண்டிக்குப் பழைய வைப்பர் கெடையாது. முன்டயரு ரெண்டையும் பழசுக்கே மாத்துனேன். மறுநாக் காலையில இன்னொரு பொண்ணு நிக்குதுல்ல?

காலையில வந்தான். சுத்துனான் பாருங்க, வழக்கம்போல. முன்னாடி நின்னு கண்ணாடியப் பாத்தான். குனிஞ்சு டயரத் தடவுனான். எங்கிட்ட வந்தான்.

"மாமா, நேத்து வைப்பர் இருந்துச்சே?"

"நேத்து எஃப்.சி. மாப்ள. இருந்துச்சு."

"வானம் கருத்துக் கெடக்கு மாமா. முன்டயரும் வழுக்கையா இருக்கு. வேற வண்டி இருந்தா மாத்திக் குடுங்க."

"வேற வண்டி குடுத்தா டிப்போ பூரா என்னையத்தான் பேசும். உங்களுக்குத் தெரியாததா?"

இன்னொருதடவை போயி டயரத் தடவிப் பாத்தான். பெறகு சொல்றான், "அப்ப நான் இன்னைக்கு வண்டிய எடுக்கல மாமா. எழுதிக் குடுத்துர்றேன்."

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். நிரந்தரம் ஆகுற நேரத்துல எவனாவது வண்டிய எடுக்க மாட்டேன்னு எழுதிக் குடுப்பானா? கூறு வேணாமா? நான் பொறுமையாச் சொன்னேன், "மாப்ள, புள்ளை குட்டிக்காரர் நீங்க. பேரக் கெடுத்துக்காதீங்க. எங்க காலத்துல வைப்பர் எங்க இருந்துச்சு? புகையிலையத் தேச்சுட்டு ஓட்டுவோம்"னு. நான் வெத்தலை போடுற ஆளு. என் சட்டைப் பையிலருந்து புகையிலைத் துண்டு ஒண்ணு எடுத்து நானே அவன் கையில வச்சேன். "மழை வந்தா வெளிப்பக்கம் கண்ணாடியில தேச்சு விடுங்க, தண்ணி நிக்காம வழுக்கிட்டு ஓடும்"னு சொல்லிக் குடுத்தேன். எந்த மாமனாரு செய்வான்? அதக் கையில வச்சுப் பாத்துக்கிட்டே நின்னான், ஏதோ நான் வெசத்தக் குடுத்த மாதிரி. பெறகு போயி வண்டிய எடுத்தான்.

மத்தியானம் மழை கொட்டித் தீத்துருச்சு. இந்தா, இப்ப வலுக்குது பாருங்க, இத விடப் பெரிய மழை. பால்பண்ணை ஸ்டாப்புக்கிட்ட ஒரு ஆட்டோக்காரன் குறுக்க விழுந்திருக்கான். இவன் பிரேக்கப் போட்டிருக்கான். வண்டி வழுக்கிக்கிட்டே போயி ஸ்டாப்புல ஏறிருச்சு. மழைக்கு ஒதுங்கி நின்னவுக எல்லாம் தாவி ஓடிட்டாக. ஒரு பொண்ணு மட்டும் மாட்டிக்கிருச்சு. சகாயராணின்னு பேரு, துணிக்கடையில வேலை பாக்குற பொண்ணு. உசுருக்கு ஒண்ணும் இல்ல. வலது கால முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஆனா பேப்பர்ல என்னமோ ஊரே அழிஞ்ச மாதிரி போட்டாய்ங்க.

இவன் என்ன பண்ணிருக்கணும்? பேசாம வீட்ல இருந்திருக்கணும். எந்த டிரைவரும் அடிபட்ட ஆளப் போயிப் பாக்க மாட்டான், பாத்தா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிரும். யூனியன்காரய்ங்களே மொதச் சொல்றது அதத்தான். இவன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்! சாத்துக்குடி வாங்கிக்கிட்டு, என் மகளையும் கூட்டிக்கிட்டு! அந்தப் பொண்ணு கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு அழுதிருக்கான். ஆம்பளையா அவன்? ஒருதடவை போயிருந்தாலும் சரி, தெனமும் போயிருக்கான். கேட்டதும் எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுருச்சு. ஒரு வீட்டு ஆம்பள இப்பிடி ரோட்ல மானத்த வாங்கலாமா?

பெறகு என்கொயரி வந்துச்சு. டிப்போ மாடியில ஒரு ரூம்பு, வெளியூர்லருந்து ஒரு ஆபீசரு. என்னையச் சாட்சிக்குக் கூப்புட்டாங்க. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போனேன். நான் ஒரு பொய் சொல்லல தம்பி. அத மட்டும் குறிச்சுக்கங்க. ஒரு பொய் சொல்லல.

"வண்டி எஃப்.சி. ஆயிருந்துச்சா?"ன்னு கேட்டாரு. "ஆயிருந்துச்சு சார், மொத நாள்தான்"னேன். "எஃப்.சி.யப்ப வைப்பர் இருந்துச்சா?" "இருந்துச்சு சார்." "டயரு?" "நல்ல டயரு சார்." இதுல எது பொய்யி? சொல்லுங்க.

அப்ப எந்திரிக்கிறான் இவன். ஆபீசர் முன்னாடி, யூனிபார்ம் போட்டுக்கிட்டு, "மாமா"ங்கிறான்! "மாமா, அன்னைக்குச் சாயங்காலம் நீங்க கழட்டுனீங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லிருங்க மாமா. வேற எதுவும் கேக்கல."

என்கொயரியில மாமாவாம்! எனக்குக் கூச்சமாப் போச்சு. "இங்க மாமன் மச்சான் எல்லாம் கெடையாது. நான் சாட்சி, நீங்க டிரைவரு"ன்னேன். நாலு பேரு நடுவுல கறாரா இருந்தாத்தான மரியாதை? ஆபீசரு சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு இருந்தாரு. சன்னல்ல பாத்தா யார்டு பூராத் தெரியும். கீழ அன்னைக்கும் ஒரு பொண்ணு நின்னுச்சு, பயலுக வைப்பர மாட்டிக்கிட்டு இருந்தாய்ங்க. அவரு கொஞ்ச நேரம் அதப் பாத்தாரு, கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "அந்தக் கேள்வி வேணாம், அடுத்ததுக்குப் போங்க"ன்னாரு. மேல இருந்து வந்த ஆளு வேணாம்னா வேணாம்தான? நான் பதில் சொல்ல வேண்டிய அவசியமே வரல.

அப்பறம் அந்தப் புகையிலை. வண்டியப் பாத்த போலீசு கண்ணாடியில புகையிலை அப்பியிருந்துச்சுன்னு எழுதிட்டாய்ங்க. டிரைவரே கண்ணாடிய மறைச்சிருக்காருன்னு அதையும் அவன் மேல ஒரு குத்தமாச் சேத்துட்டாங்க. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. நான் சொல்லிக் குடுத்தது என்ன? மெல்லிசாத் தேய்க்கணும். இவன் கட்டி கட்டியா அப்பித் தொலைச்சிருக்கான். ஒரு புகையிலை தேய்க்கத் தெரியல. யாரு குடுத்தான்னு அவுக கேக்கல, நானும் சொல்லல. கேக்காததுக்கெல்லாம் வலியப் போயிப் பதில் சொல்றது எனக்குப் பழக்கமில்ல. இவனும் சொல்லலயே! வாய்ல என்ன கொழுக்கட்டையா? என்னையப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தான், வாயவே தெறக்கல. மாமன மாட்டி விடக்கூடாதுன்னு தியாகமாம், என் மக சொல்றா. தியாகமும் இல்ல ஒண்ணும் இல்ல. சாமர்த்தியம் கெடையாது, அம்புட்டுதான்.

வேலை போயிருச்சு. நிரந்தரம் ஆகாத ஆளத் தூக்குறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்?

அன்னைக்குச் சுகந்தி வீட்டுக்கு வந்தா. பேத்தியையும் கூட்டிக்கிட்டு வந்தா. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். வந்தவ உக்காரல. "அப்பா, அந்த வைப்பரக் கழட்டுனது யாரு?"ன்னு கேட்டா.

"நான்தான். வேற எவன் கழட்டுவான்?"ன்னேன். வீட்ல எதுக்கு மறைக்கணும்? நான் என்ன திருட்டு வேலையா செஞ்சேன்?

"டயரு?"

"அதுவும் நான்தான். மறுநாள் இன்னொரு வண்டிக்கு எஃப்.சி.ம்மா. கழட்டாம எப்பிடி?"

அவ அழுவான்னு நெனச்சேன். அழல. "இத அங்க சொல்லிருந்தா அவரு வேலை தப்பிச்சிருக்கும்லப்பா"ன்னா. நான் சோத்துக் கைய உதறிட்டு வெவரமாச் சொன்னேன். ஏம்மா, அங்க சொன்னா என்ன ஆகும்? அந்த ஒரு வண்டியோட நிக்குமா? எல்லா வண்டியையும் பாக்கணும்பாய்ங்க. டிப்போவே நின்னுரும். ஊர்ச் சனம் பூரா நடந்துதான் போகணும். ஒருத்தன் வேலைக்காக ஊரு வண்டிய நிறுத்தச் சொல்றியா? இதக் கூட வெளங்கிக்கிற புத்தி இல்ல அவளுக்கு. "உங்களுக்கு ரிட்டையர்மெண்ட் நெருங்கிருச்சு, பென்சன் போயிரும்னு பயந்துட்டீங்க"ங்கிறா. நாக்குல நரம்பே இல்ல. பென்சனுக்காகவா? நான் பயந்தவனா? எம்புட்டுப் பெரிய ஆபீசரெல்லாம் பாத்திருக்கேன், எவனையும் மதிச்சதில்ல நான்.

உள்ள போயி அவுக அம்மாகிட்ட என்னமோ பேசுனா. வெளிய வரயில ரெண்டு பேரும் பையோட வந்தாளுக. நாலு நாள்ல என் வீட்டுக்காரி திரும்பி வந்துருவான்னு நெனச்சேன். வரல. ஒரு வகையில நிம்மதிதான் போங்க. நானே பொங்கித் திங்கிறேன். உப்புப் பத்தல, புளி கூடிப்போச்சுன்னு கேக்குறதுக்கு ஆளில்ல. ரேடியோவ எம்புட்டுச் சத்தமா வேணும்னாலும் வைக்கலாம். என்ன, சாயங்காலமானா வீடு கொஞ்சம் பெருசாத் தெரியுது. அது எல்லா வீடும் அப்பிடித்தான்.

இப்ப எங்க போயிட்டு வாரேன்னு நெனைக்கிறீங்க? ஒரு பள்ளிக்கூடத்துக்கு. அங்க இவன்தான் இப்ப வேன் ஓட்டுறான். ஆக்சிடெண்ட் கேஸு கோர்ட்ல கெடக்குன்னு சேரும்போதே சொல்லிச் சேந்திருக்கான், அந்த மடையன். அதக் கேட்டுட்டும் சேத்துருக்காங்க பாருங்க, அது எப்பேர்ப்பட்ட பள்ளிக்கூடமா இருக்கும்! சேத்ததோட விடல, வேன் பூராவையும் இவன் பொறுப்புல விட்டுருக்காங்க. வேனுக்கெல்லாம் எஃப்.சி. வேலை பாக்க ஒரு வெவரமான ஆளு வேணும்னு கேள்விப்பட்டேன். எனக்குச் சும்மா இருந்தாக் கை காலு குடையுது. அதான் போனேன். வேற ஒண்ணுக்கும் இல்ல. மகளப் பாக்கவோ பேத்தியப் பாக்கவோ போகல. அவுக வேணாம்னா எனக்கும் வேணாம்.

தாளாளரு ஒரு அம்மா. மரியாதையா உக்காரச் சொன்னாங்க. எங்க டிப்போ பேரச் சொன்னேன், ஒரு வண்டி கூடப் பெயிலானதில்லன்னு சொன்னேன். அவுகளுக்கு முகமெல்லாம் சந்தோசம். "அப்பிடியா! எங்க டிரைவர் ஒருத்தரும் அந்த டிப்போதான், கூப்புடுறேன்"னு சொல்லி இவன வரச் சொன்னாங்க. வந்தான். என்னையப் பாத்ததும் "வாங்க மாமா"ன்னான். கையக் கட்டிக்கிட்டு நின்னான். இளைச்சிருந்தான்.

"இவரு வேலை எப்பிடி பூமிநாதன்?"னு அந்த அம்மா கேட்டாங்க.

"இவரு கைபட்ட வண்டி எஃப்.சி.யில தோத்ததே இல்லம்மா. இவரு மாதிரி தொழில் தெரிஞ்சவர நான் பாத்ததில்ல"ன்னான். நான் நிமிந்து உக்காந்தேன். பரவால்ல, பயலுக்கு இப்பவாவது புத்தி வந்துருக்கேன்னு நெனச்சேன். மனசுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு, மறைக்கல. என்னைய வீட்டுக்குக் கூப்புடுவான், பேத்தியத் தூக்கி என் மடியில வைப்பான்னு எல்லாம் நெனச்சுட்டேன்.

அடுத்த வாய்லயே சொல்றான், "ஆனா வேணாம்மா. இது புள்ளைக போற வண்டி"ன்னு.

கோபமாச் சொல்லல. கோபமாச் சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தரையப் பாத்துக்கிட்டு, தண்ணி வேணுமான்னு கேக்குற கொரல்ல சொன்னான். அந்த அம்மா என்னையப் பாத்தாங்க. நான் எந்திரிச்சு வந்துட்டேன்.

வெளிய வந்தா வேன் நிக்குது. போயிப் பாத்தேன், தொழில் பாத்தவன் கண்ணு சும்மா இருக்குமா? எல்லாச் சக்கரத்துக்கும் புது டயரு! வைப்பரு ரெண்டும் புதுசு! எஃப்.சி. தேதி கண்ணாடியில ஒட்டியிருக்கு, அடுத்த வருசம்தான் வருது. எஃப்.சி.யே இல்லாதப்ப எவனாவது புது டயரு போடுவானா? அந்தம்மா காச இப்பிடித் தண்ணியா எறைக்கிறான். இவனெல்லாம் உருப்படுவானான்னு நின்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன், பள்ளிக்கூடம் விட்டு புள்ளைக ஓடி வந்து ஏறுதுக. அதுல என் பேத்தி. சன்னல் வழியாப் பாத்துட்டு, "தாத்தா"ன்னு கையக் காட்டுச்சு. நானும் காட்டுனேன். காட்டுன கைய எறக்க மறந்துட்டேன். இவன் வந்து ஏறுனான், ஒருதடவை சுத்தி வந்து டயரத் தட்டிப் பாத்துட்டுத்தான் ஏறுனான். மழைத் தூத்தல் விழுந்துச்சு, வைப்பரப் போட்டான். "ஏறுங்க மாமா, பஸ் ஸ்டாப்புல விடுறேன்"ன்னு சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல. வண்டி போயிருச்சு.

என் ஸ்டாப்பு வந்துருச்சு, காலக் கொஞ்சம் மடக்கிக்கங்க தம்பி. நியாயம் சொல்லுங்கன்னு கேட்டேன், நீங்களும் வாயத் தெறக்காம சன்னலப் பாத்துக்கிட்டே வாரீங்க. சரி, போகட்டும். எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் தம்பி ஆற மாட்டேங்குது. புள்ளைக போற வண்டியாம்! அப்ப முப்பது வருசமா நான் பாத்த வண்டியில என்ன மூட்டையா போச்சு? அதுலயும் சனந்தான தம்பி போச்சு?